எல்லாருக்கும் ஒன்றுபோல என்பது யாருக்கு?

புயலோ வெள்ளமோ வந்துவிட்டால் நம் ஊர்களில் ஒரு பேச்சு தவறாமல் எழும்: "ஆபத்து நேரத்துல ஆள் பார்த்துக் கொடுக்காதே, எல்லாருக்கும் ஒண்ணா கொடு." கேட்டவர் தலையாட்டுவார். சிவகங்கைச் சீமையில் இதற்கு ராமானுஜரையே சாட்சிக்கு இழுப்பார்கள். குரு திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை வந்து பெற்ற மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்கே சொன்னவர் அவர். அவரைவிடப் பொதுவாகக் கொடுத்தவர் யார்?

நியாயம்போல் ஒலிக்கும் இந்தப் பேச்சு ஆளைக் கொல்லும் என்பதே என் வாதம்.

2004 டிசம்பர் 26 அன்று இலங்கையின் காலியில் சம்போதி என்ற மாற்றுத்திறனாளிகள் இல்லத்தைச் சுனாமி அடித்தது. அங்கிருந்த 102 பேரில் பிழைத்தவர்கள் 41 பேர். 2011இல் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, பாதிக்கப்பட்ட பகுதிகளில் மாற்றுத்திறனாளிகளின் இறப்பு விகிதம் மற்றவர்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. பணமும் பயிற்சியும் எச்சரிக்கை மணியும் நிறைந்த நாட்டிலேயே இந்தக் கதி.

"அவங்க உடம்பு அப்படி, யார் என்ன செய்ய முடியும்?" என்பார்கள். ஏர்வாடி எங்கள் சிவகங்கைக்கு அடுத்த மாவட்டத்தில் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே மனநல இல்லம் என்ற பெயரில் நடந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். அவர்களுக்குக் கால் இருந்தது, ஓடவும் தெரியும். காலில் சங்கிலியும் இருந்தது. இதில் உடம்பின் குற்றம் எது?

நிவாரணத்தைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அரசு 6,000 ரூபாய் கொடுத்தது, நல்ல காரியம்தான். டோக்கன் கொடுத்து, ரேஷன் கடையில், குடும்ப அட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்தது. அட்டைக்குள் யார் யார் என்று அந்தப் பணத்துக்குத் தெரியாது. கட்டிலோடு கிடக்கும் பிள்ளைக்கு டயப்பரும் புண்ணுக்கு மருந்தும் வாங்கியாக வேண்டிய வீட்டுக்கும் அதே 6,000தான். வரிசையில் நிற்க முடியாதவருக்கு, வீட்டில் யாராவது போய் வாங்கி, அதில் அவர் பங்கை நினைத்துப் பார்த்தால் உண்டு. வீட்டுக்குள்ளேயே கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பழகியவரிடம் போய்ச் சமத்துவம் பேசுகிறோம்.

பேரிடர் நிவாரண நிதிக்கான 2022-26 விதிப் பட்டியல் இன்னும் வேடிக்கை. கறவை மாடு செத்தால் 37,500 ரூபாய். ஆடு செத்தால் 4,000. படகு உடைந்தாலும் நெசவாளியின் கருவி போனாலும் தொகை உண்டு. பேரிடரில் புதிதாகக் கையோ காலோ கண்ணோ இழந்தால், ஊனம் 60 சதவீதத்துக்கு மேல் என்றால் இரண்டரை லட்சம் உண்டு. ஏற்கெனவே கால் இல்லாதவரின் சக்கர நாற்காலியை வெள்ளம் கொண்டுபோனால் என்ன தருவார்கள்? அதற்கென்று அந்தப் பட்டியலில் ஒரு வரி கிடையாது. மாட்டுக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. பட்டியல் எழுதிய மேஜையைச் சுற்றி விவசாயி நினைவுக்கு வந்தார், மீனவர் வந்தார், நெசவாளி வந்தார். நாற்காலிக்காரர் வரவில்லை. எல்லாருக்கும் பொது என்று நாம் சொல்வது, எழுதும்போது யார் நினைவுக்கு வந்தார்களோ அவர்களுக்குப் பொது.

ராமானுஜரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அவர் கதையில் பாதியைத்தான் சொல்கிறார்கள். வாய்பேச முடியாத ஒருவரை அவர் தனியே உள்ளே அழைத்துப்போய், தன் திருவடியைத் தலையில் வைத்து அருளினார் என்றும், கதவிடுக்கில் அதைக் கண்ட சீடர் கூரத்தாழ்வான் இவ்வளவு படித்து என்ன பயன் என்று ஏங்கினார் என்றும் அதே வைணவ மரபு சொல்கிறது. வாயால் சொல்லிக் கொடுக்க முடிந்தவர்களுக்குக் கோபுரம். அது எட்டாதவருக்கு வேறு வழி. அந்த ஒருவருக்காக அவர் இன்னொரு முறை கோபுரம் ஏறிக் கத்தவில்லை.

"தண்ணி கழுத்துக்கு வரும்போது கணக்கெடுக்க நேரமேது?" இது அடுத்த கேள்வி. நேரம் இருக்காது, அதனால்தான் முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறது சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 8ஆம் பிரிவு: மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேடு வைத்திருக்க வேண்டும், ஆபத்து வந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டுக்கு முன்னால் எண்ணிக்கையே தகராறு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள், அதாவது நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனம் உலக அளவில் நூற்றுக்கு 16 பேர் என்கிறது. அளவுகோல் வேறு என்பார்கள். சரி, அதற்காகப் பத்து மடங்கா?

ஒருங்கிணைக்க நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. சுனாமிக்குப் பின், 2005இல், நாகப்பட்டினம் ஆட்சியர் அலுவலகத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் இயங்கியது. யார் எந்தக் கிராமத்துக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். வருவாய், சுகாதாரம், காவல், தீயணைப்பு என்று துறைகள் கூடும் அப்படிப்பட்ட மேஜையில் பார்வையற்றவரும் காது கேளாதவரும் உட்கார வேண்டும். ஒலிபெருக்கி எச்சரிக்கை யார் காதில் விழாது, எந்த முகாமின் கழிவறைக்கு நாலு படி ஏற வேண்டும் என்று அவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவர்களை மூன்று சக்கர வண்டி வழங்கும் விழாவுக்கு மட்டும் அழைத்துப் படமெடுத்துப் பழகிவிட்டோம்.

2025இல் தமிழக சட்டமன்றம் ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. எங்கள் திருக்கோஷ்டியூரில் அந்த இடத்தில் அமர்பவருக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிடாமல் ஒரு வேலை கொடுக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் அவர் மனுப் போடட்டும். 8ஆம் பிரிவு சொல்லும் பதிவேடு இருக்கிறதா? அதில் எங்கள் ஊர்க்காரர் எத்தனை பேர்? கடைசியாகத் திருத்தியது எப்போது? புயல் எச்சரிக்கை வந்தால் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறவர் யார், அவருடைய பதவி என்ன?