பூஸ்ட் கேஜ் வாங்கப் போறீங்களா? நீலமா சிவப்பாங்கிறதை அப்புறம் பாக்கலாம்

நாகர்கோவில்ல ஏதாவது ஒரு கார் ஆக்சஸரீஸ் கடைக்குள்ள போய் "அண்ணே, பூஸ்ட் மீட்டர் இருக்கா?"ன்னு கேட்டுப் பாருங்க. "நீல லைட்டா, சிவப்பு லைட்டா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். வண்டி டீசலா பெட்ரோலா என்று கேட்கிற ஆள் ரொம்ப அபூர்வம். எனக்கு எரிச்சல் ஆரம்பிக்கிற இடமே அதுதான்.

வடசேரி பஸ் ஸ்டாண்டுல விடிகாலை முதல் டிரிப் எடுக்கிற டிரைவரைக் கவனிச்சிருக்கீங்களா? எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டு சும்மா உட்கார்ந்திருப்பார். பிரேக் டாங்க்ல காத்து ஏறணும். முன்னால இருக்கிற கேஜ்ல முள் மேல வர்ற வரைக்கும் பஸ் நகராது. அவருக்கு அந்த வட்டம் அலங்காரம் இல்லை, அதைப் பார்த்துத்தான் ஒரு முடிவு எடுக்கிறார். பூஸ்ட் கேஜும் அப்படி ஒரு முடிவுக்கு உதவணும், இல்லேன்னா அது டேஷ்போர்டுல ஒட்டின சீரியல் பல்புதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டர்போ எஞ்சினுக்குள்ள தள்ளுற காற்று, வெளிக்காற்றை விட எவ்வளவு அழுத்தத்துல இருக்குங்கிறதுதான் பூஸ்ட். 1 பார் என்றால் சுமார் 14.5 பி.எஸ்.ஐ. இதுல பெட்ரோல் காருக்கும் டீசல் காருக்கும் ஒரே கேஜ் சரிப்படாது. பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகும். ஐடிலிங்கில் முள் பூஜ்யத்துக்குக் கீழே, சுமார் -0.6, -0.7 பார் பக்கத்தில் நிற்கும். அந்தப் பக்கமும் பயனுள்ளதுதான். ஐடிலிங்கில் முள் நடுங்கினாலே எங்கேயோ காற்று கசியுதுன்னு சந்தேகப்படலாம். டீசலில் அந்த வெற்றிடம் கிட்டத்தட்ட கிடையாது. ஆனா கடையில தொங்குறதெல்லாம் -1 முதல் 2 பார் வரைக்கும் உள்ள கேஜ்தான். டீசல் காரன் அதை வாங்கினால் டயலில் மூணில் ஒரு பங்குக்கு முள் வாழ்நாள் முழுக்கப் போகவே போகாது. வண்டி வழக்கமா காட்டுற அழுத்தம் டயலோட நடுவாக்குல வரணும். கம்பெனி செட்டிங்கில் ஓடுற டீசல் காருக்கு 0 முதல் 2 பார் தாராளம். 4 பார் டயல் வாங்கி வச்சா முள் பாதி வழி கூட ஏறாது, பாக்கவே பாவமா இருக்கும் :-)

இன்னொரு கூத்தும் நடக்குது. டீசல் கார்ல பிரேக் பூஸ்டருக்குத் தனி வேக்குவம் பம்ப் இருக்கும். தெரியாதவங்க அந்த ஹோஸ்ல டி-ஜாயின்ட் போட்டுருவாங்க. அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் கேஜ் வெற்றிடத்தையே காட்டும். போதாததுக்கு அது பிரேக் சம்பந்தப்பட்ட ஹோஸ். பெட்ரோலோ டீசலோ, அதுல கைவைக்கவே கூடாது.

மெக்கானிக்கலா எலக்ட்ரிக்கலா என்பது அடுத்த பஞ்சாயத்து. மெக்கானிக்கல் கேஜுக்குள்ள இருக்கிறது போர்டான் டியூப், 1849-ல் பிரான்சில் காப்புரிமை வாங்கிய சமாச்சாரம். வளைஞ்ச குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், முள் நகரும். எளிமை, விலையும் குறைவு. ஆனா எஞ்சின்ல இருந்து ஒரு டியூப் கேபினுக்குள்ள வரணும். மட்டமான டியூப் நம்ம ஊர் சூட்டுல விறைச்சுப் போய் வெடிக்கும். எலக்ட்ரிக்கல்ல சென்சார் பானெட்டுக்குள்ளேயே இருக்கும், ஒயர் மட்டும் உள்ளே வரும். என் ஓட்டு இதுக்குத்தான். காசு இடிச்சா மெக்கானிக்கல் போடுங்க, ஆனா டியூபில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இனி நான் சொல்லப் போறது கடைக்காரங்களுக்குப் பிடிக்காது. வண்டியில எதையும் மாத்தாம ஓட்டுறவங்களுக்குத் தனியா கேஜே தேவையில்லை. இப்ப ஓடுற பெரும்பாலான டர்போ கார்களில் மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்க கம்பெனியே ஒரு சென்சார் வச்சிருக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் ஒரு ஈஎல்எம் 327 ப்ளூடூத் அடாப்டரைச் சொருகினா போனிலேயே படிக்கலாம். ஆயிரம் ரூபாய்க்குள் முடிஞ்சிரும்.

எங்க சித்தப்பாவோட பழைய டீசல் கார் கீரிப்பாறை ஏத்தத்துல இழுக்கல, பின்னால கரும்புகை. ஒரு ஒர்க்ஷாப்பில் பானெட்டைத் திறந்து ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு "டர்போ போச்சு, 35,000 ஆகும்"ன்னுட்டாங்க. சித்தப்பா பென்ஷன்காரர், ஆளு அப்படியே உட்கார்ந்துட்டார். அடாப்டரைச் சொருகி ஓட்டினோம். முழுசா மிதிச்சும் 130 கிலோபாஸ்கலுக்கு மேல ஏறல. அதே மாடல் வச்சிருக்கிற நண்பனோட வண்டியில 200-ஐத் தாண்டுது. டர்போல இருந்து எஞ்சினுக்குப் போற ரப்பர் ஹோஸைக் கழட்டிப் பார்த்தா, கிளாம்புக்கு அடியில ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். ஹோஸை மட்டும் மாத்தினோம். அதே டர்போதான் இன்னும் ஓடுது.

ஒரு எச்சரிக்கை. போன் காட்டுற அளவு தனி அழுத்தம், வெளிக்காற்றும் அதுல சேர்த்தி. நம்ம கடலோரத்தில் சுமார் 100-ஐக் கழிச்சால்தான் பூஸ்ட். ஊட்டியில் வெளிக்காற்றே 78 கிலோபாஸ்கல் பக்கம்தான், அங்கே 78-ஐக் கழிக்கணும். எஞ்சினை ஆஃப் பண்ணி சாவியை மட்டும் ஆன் பண்ணினா வர்ற எண்தான் அந்த இடத்து வெளிக்காற்று. அப்புறம் வழக்கமான ஓபிடி அளவு 255-லேயே நின்னுரும், ஒரே ஒரு பைட்டில் அனுப்புறாங்க. ரீமேப் பண்ணி அதுக்கு மேல போறவங்களுக்கு இது போதாது. அவங்க கட்டாயம் தனி கேஜ் வைக்கணும். கூடுதல் அழுத்தம் எஞ்சினை உடைக்கிறதுக்கு முன்னாடி சொல்ல வேற ஆள் இல்லை.

பழைய சாப் 900 டர்போவின் கேஜில் எண்ணே கிடையாது, நிறப் பட்டைகள் மட்டும்தான். ஓட்டும்போது ஓரக்கண்ணால பார்க்க அதுவே போதும் என்பது என் கட்சி. 52 மி.மீ. சைஸ், வெள்ளை எழுத்து, ராத்திரி மங்கலாக்கிக்கொள்ள வசதி, இவ்வளவு இருந்தா சரி. விண்ட்ஷீல்டுக்குப் பக்கத்துத் தூணில் மாட்டணும்னு அடம்பிடிக்கிறவங்க, உங்க வண்டியில கர்ட்டன் ஏர்பேக் இருக்கான்னு முதல்ல மேனுவலைப் பாருங்க. இருந்தா அது விரியற வழியில இந்தக் கேஜ் இருக்கும், பக்கத்துல உங்க தலையும் இருக்கும். ஸ்டியரிங் காலத்துக்கு மேலயோ ஏசி வென்ட் பக்கத்துலயோ மாட்டிக்கலாம்.