‘ஒரு கடிதம் போட்டால் காணும்’

டொலார்ட் டி ஓர்மோ முருகன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை. பூசை முடிந்து எல்லோரும் சப்பாத்துத் தேடும் நெரிசலில் அந்தப் புத்திமதி காதில் விழுந்தது.

“மூண்டு வரியத்துக்கு வாய் திறவாதை பிள்ளை. அவன் இமிக்கிரேசனுக்கு ஒரு கடிதம் போட்டால் காணும், அடுத்த பிளேனிலை ஏத்தி விட்டிடுவாங்கள்.”

சொன்னவர் அறுபது தாண்டிய ஓர் அம்மா. கேட்டவள் கணவரின் ஸ்பொன்சரில் யாழ்ப்பாணத்திலிருந்து போன மாதம் வந்து இறங்கியவள். யாரோ கொடுத்த குளிர் ஜாக்கெட்டின் கைகள் அவள் விரல்களையும் மூடி நின்றன. அவள் தலையாட்டினாள். பக்கத்தில் குனிந்து நாடா கட்டிக்கொண்டிருந்த எனக்குத்தான் பொறுக்கவில்லை.

மொன்றியல் தமிழ் வீடுகளில் ஸ்பொன்சரைப் பற்றிப் புழங்கும் கதை இவ்வளவுதான்: கலியாணம் கட்டினால் கனடா லேசு, வந்த பிறகு கூப்பிட்டவரின் தயவில் சீவியம். இரண்டு பாதியும் பிழை. ஆனால் இரண்டாவது பாதி ஆளையே முடக்கிப்போடும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

நிரந்தர வதிவிட உரிமை கையில் வந்துவிட்டால் அது அவளுடைய உரிமை. கணவர் எத்தனை கடிதமும் போடட்டும். அந்தத் திருமணமே விசாவுக்காக நடத்திய நாடகம் என்று அதிகாரிகள் சந்தேகித்தால் அதற்கு விசாரணை இருக்கிறது, அவள் தன் பக்கத்தைச் சொல்ல இடம் இருக்கிறது. மனம் ஒத்துப்போகவில்லை, பிரிந்துவிட்டார்கள் என்பதற்காக யாரையும் பிளேன் ஏற்ற முடியாது.

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2012 அக்டோபர் 25 முதல் கனடா ஒரு நிபந்தனை வைத்திருந்தது: உறவு தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்தவர்கள், பிள்ளைகளும் இல்லையென்றால், வந்த பின் இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வதிவிடம் பறிபோகலாம். பேசிச் செய்த கலியாணம் அநேகமாக எல்லாமே அந்த வலையில் விழுந்தது. அடி வாங்குகிற பெண்கள் வாய்மூடிக் கிடக்க அது காரணமாகிறது என்ற எதிர்ப்பு வலுத்து, 2017 ஏப்ரலில் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். சட்டம் செத்துவிட்டது. அதன் ஆவி மட்டும் கோயில் வாசலில் இன்னும் சப்பாத்துத் தேடுகிறது.

சரி, நிபந்தனை இரண்டு ஆண்டுதானே, அந்த அம்மாவின் மூன்று ஆண்டு எங்கிருந்து வந்தது? இங்கேதான் கதை அப்படியே தலைகீழாகிறது. மூன்று ஆண்டு என்பது கணவர் எழுதிக்கொடுத்த பொறுப்பின் காலம். மனைவியின் சாப்பாடு, உடுப்பு, இருப்பிடம் உள்ளிட்ட அடிப்படைத் தேவைகளுக்கு நான் பொறுப்பு என்று கியூபெக் அரசுக்கு அவர் கையெழுத்து வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் அவள் சமூக உதவிப் பணம் எடுத்தால், அரசு அந்தக் காசை அவரிடம் திருப்பிக் கேட்கும். பிரிந்தாலும் விவாகரத்து எடுத்தாலும் அந்தக் கையெழுத்து அழியாது. ஆக, அவள் பயந்து எண்ண வேண்டிய மூன்று ஆண்டு என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது உண்மையில் அவர் எண்ண வேண்டியது.

அவள் மீதும் ஒரு கட்டு உண்டு. ஸ்பொன்சரில் வந்தவர் வதிவிடம் பெற்று ஐந்து ஆண்டுகளுக்குள் இன்னொரு துணையை ஸ்பொன்சர் செய்ய முடியாது. 2012 மார்ச்சிலிருந்து இது நடைமுறை. பெண்கள் மாப்பிள்ளையைக் கூப்பிடும்போது நம் ஆட்கள் கதையை மாற்றி, “காட் கிடைச்ச உடனை ஓடிவிடுவான்” என்பார்கள். ஓடி, ஊரில் இன்னொருத்தியைக் கட்டி உடனே கூப்பிடலாம் என்று நினைப்பவனுக்கு அந்தக் கதவு ஐந்து ஆண்டு பூட்டு.

அந்த அம்மாவின் பயம் நியாயமாக இருக்கும் ஒரு இடமும் உண்டு. வதிவிடம் கிடைக்கும்வரை கூப்பிட்டவர் விண்ணப்பத்தை விலக்கிக்கொள்ளலாம். கனடாவுக்குள்ளேயே இருந்துகொண்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கு அதுதான் ஆபத்தான காலம். வீட்டில் வன்முறைக்கு ஆளாகி, வதிவிடம் துணையை நம்பியே இருப்பவர்களுக்காக 2019 ஜூலை முதல் கட்டணமில்லாத தற்காலிக வதிவிட அனுமதி ஒன்று இருக்கிறது. சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான், ஒருவரும் சொல்வதில்லை.

இனி “லேசு”. ஸ்பொன்சர் கோப்பு ஒன்றைக் கட்டிப் பார்த்தவர் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார். பொருத்தம் பார்த்த குறிப்பு, எழுத்து நடந்த நாளின் சான்றிதழ், தாலிகட்டுப் படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ‘இடமிருந்து வலம்: பெரியம்மா, மாமா, தோழன்’ என்ற குறிப்பு, மாதக்கணக்கான வட்ஸ்அப் அழைப்புப் பட்டியல், காசு அனுப்பிய பற்றுச்சீட்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் இரவு இரண்டு மணிக்கு மனைவியுடன் பேசிய பதினொரு நிமிடங்களைக்கூட மஞ்சள் மையால் கோடிட்டு வைத்திருந்தார். பேசினது என்னவென்று கேட்டால், “மழையோ எண்டு கேட்டனான்” என்றார்.

இதெல்லாம் எதற்கு? திருமணம் உண்மையானதாக இருக்க வேண்டும்; குடியேறுவதையே முதல் நோக்கமாகக் கொண்டிருக்கவும் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலே நிராகரிக்கலாம் என்று 2010இல் விதியை இறுக்கினார்கள். பெண் பார்த்த மூன்றாம் கிழமை தாலி கட்டுவது நமக்கு ஒரு செய்தியே அல்ல. காதலித்துக் கட்டுவதே வழக்கம் என்று வளர்ந்த அதிகாரிக்கு அதுவே முதல் சந்தேகம். மாப்பிள்ளை இங்கே, பெண் அங்கே என்று தொலைபேசியில் தாலி கட்டினதாகக் கணக்குக் காட்டவும் 2015க்குப் பிறகு இடமில்லை. நிராகரித்தால் ஸ்பொன்சர் செய்தவர் 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் இதே படங்கள், இதே கேள்விகள்.

அதிலும் மொன்றியலில் இருப்பவர் “ரொறன்ரோவிலை மச்சானுக்குக் கெதியா வந்ததே” என்று கேட்பதில் பயனில்லை. ஒட்டாவாவுடன் செய்த 1991 உடன்படிக்கையின்படி கியூபெக் தன் குடிவரவில் தானும் முடிவெடுக்கிறது. ஒட்டாவாவின் கோப்புக்கு மேல் கியூபெக்கின் தெரிவுச் சான்றிதழும் வேண்டும், எத்தனை பேர் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு. 2024 ஜூன் 26 முதல் இரண்டு ஆண்டுக்குக் குடும்பப் பிரிவில் 13,000 விண்ணப்பம் மட்டுமே வாங்குவோம் என்று மாகாணம் அறிவித்தது. அதில் துணைவர்களுக்கும் 18 வயது கடந்த பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து 10,400. எல்லா நாட்டவருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஓர் ஆண்டு கடந்த கையோடு, 2025 ஜூலையில் அது நிரம்பிவிட்டது. 2026 ஜூன் 25 வரை கதவடைப்பு என்றார்கள். மனைவியை எடுப்பதற்காகவே வேலையையும் வீட்டையும் விட்டு ஒன்ராறியோவுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் உண்டு. லேசு என்பவர்கள் அவர்களுக்கு லொறியில் சாமான் ஏற்றிக் கொடுத்துப் பார்க்கட்டும்.

பிரெஞ்சு தெரியாவிட்டால் வர முடியாது என்பதும் பிழை. ஸ்பொன்சரில் வரும் துணைக்கு மொழிச் சோதனை இல்லை. கற்க உதவுவேன் என்று கூப்பிட்டவர் ஒரு திட்டம் எழுதிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவையும் அன்று நான் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றைச் சொன்னேன். கியூபெக்கில் 1989 முதல் குடும்பச் சொத்துச் சட்டம் இருக்கிறது. திருமணம் இலங்கையில் நடந்திருந்தாலும் இங்கே வாழ்கிற தம்பதிக்கு அது செல்லும். பிரிந்தால் குடியிருக்கும் வீடு, தளபாடம், வாகனம், திருமண காலத்தில் சேர்ந்த ஓய்வூதியம், இவற்றின் மதிப்பு யார் பெயரில் இருந்தாலும் பங்குக்கு வரும்.

புதிதாக வந்தவள் ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் ஒரு சப்பாத்தைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

“எண்பத்தெட்டிலை வந்த ஆக்களுக்கும் அது செல்லுமோ தம்பி? வீடு அவற்றை பேரிலை தான்.”