கீறலின்றிச் சவரம்

 

ஜும்ஆவுக்குப் புறப்படும் அவசரத்தில் சவரம் செய்து, கன்னத்துக் கீறலின்மேல் காகிதத்துண்டை ஒட்டிக்கொண்டு பள்ளிக்கு வருவோரை எல்லா ஊர்களிலும் காணலாம். சிறு காயந்தானே என்று எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கசிந்த இரத்தம் வழிந்தோடினால் ஹனஃபீ மத்ஹபின்படி உளூ முறிந்துவிடும். ஷாஃபிஈ மத்ஹபின்படி முறியாது. இரு மத்ஹபினரும் அருகருகே வாழும் நெல்லைச் சீமையில் இஃது அடிக்கடி எழும் ஐயமாகும். அதனினும் பெரிய கவலை ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

தாடி பற்றிய சட்டங்களை ஆலிம்களிடம் கேட்டறிக; அவற்றை விளக்குவது இப்பகுதியின் நோக்கமன்று. தாடி வைத்திருப்போரும் கழுத்தை மழிக்கின்றனர். மறைவிட முடிகளைக் களைதலும் மீசையைக் கத்தரித்தலும் 40 நாள்களைக் கடக்கலாகாது என்பதை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பால் அறிகிறோம். ஆகவே சவரக்கத்தி புழங்காத முஸ்லிம் இல்லம் இல்லை எனலாம்.

காயம் ஏன் ஏற்படுகிறது? உலர்ந்த முடி விறைப்பாக நிற்பதால் கத்தியை அழுத்த வேண்டியுள்ளது. அழுத்தும்போது தோல் அறுபடுகிறது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடங்கள் ஊறினால் முடி நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாகிவிடும். ஷேவிங் கிரீமின் வேலை அந்த ஈரத்தைக் காய்ந்துபோகாமல் காத்து, கத்தி வழுக்கிச் செல்லப் பாதை அமைத்துத் தருவதேயாகும். குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் காரத்தால் ஆனது. அதன் நுரை விரைவில் காய்ந்துவிடும். ஷேவிங் கிரீமில் ஸ்டியரிக் அமிலம் என்னும் கொழுப்பமிலமும் பொட்டாசியம் காரமும் சேர்ந்து குழைவான சோப்பாகின்றன. அதிலுள்ள கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

இங்கே தண்ணீரையும் கவனிக்க வேண்டும். தாமிரபரணி ஆற்று நீரில் சோப்பு எளிதில் நுரைக்கும். மழையை நம்பிய வறண்ட ராதாபுரம் வட்டாரத்திலோ, பல ஊர்களின் கிணற்று நீர் உப்பும் கடினமும் மிக்கது. அந்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெண்படிவாகத் திரிந்துவிடுவதால் நுரை நிற்பதில்லை. எத்தனை உயர்ந்த கிரீமும் அங்கே பாதிப் பயனே தரும். உங்கள் வீட்டு நீரை ஒரு சிறு புட்டியில் எடுத்து, சிறிது சோப்பைச் சுரண்டிப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். நுரை நிலைத்து நின்றால் மென்னீர். தயிர்போல் திரிந்தால் கடின நீர். கடின நீராயின், சவரத்திற்கு மட்டும் மழைநீரோ குடிக்க வைத்துள்ள மென்னீரோ ஒரு குவளை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, கிரீமைத் தேர்ந்தெடுக்கும் முறை. நுரையைப் புறங்கையில் தடவி மூன்று நிமிடங்கள் பொறுத்துப் பாருங்கள். ஈரம் மாறாதிருந்தால் அது நல்ல கிரீம். மென்தால் தரும் குளிர்ச்சியை மென்மை என்று எண்ணிவிட வேண்டா. அது முடியை மிருதுவாக்குவதில்லை. நறுமணம் மிகுந்த கிரீம் சிலருக்கு அரிப்பைத் தரும். அத்தகையோர் முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு, பிறகே முகத்திற்குப் பயன்படுத்துக.

உறையில் 'செட்டைல் ஆல்கஹால்', 'ஸ்டியரைல் ஆல்கஹால்' என்னும் பெயர்களைக் கண்டு நம்மவர் தயங்குவதுண்டு. வேதியியலில் ஆல்கஹால் என்பது ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். இவ்விரண்டும் மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள். போதை தருபவை அல்ல. மாறாக, சவரத்திற்குப் பின் பூசும் லோஷன்கள் பலவற்றில் எத்தில் ஆல்கஹாலே கலந்திருக்கும். கீறலில் பட்டால் எரியும். ஸ்டியரிக் அமிலம் பாமாயிலிலிருந்தும் கிடைக்கும். விலங்குக் கொழுப்பிலிருந்தும் கிடைக்கும். உறையில் பச்சைப் புள்ளி இருந்தால் தாவர மூலம் எனக் கொள்ளலாம். பிரஷ்ஷை வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. பன்றி முடியால் செய்த பிரஷ்கள் சந்தையில் உண்டு. நைலான் இழை பிரஷ் எனக் கேட்டு வாங்குக.

சவரம் செய்கையில் முடி வளரும் திசையிலேயே மெல்ல இழுங்கள். மழுங்கிய பிளேடைத் தயங்காமல் மாற்றுங்கள்.

முன்னர்க் குறித்த பெருங்கவலைக்கு வருவோம். தந்தையும் பிள்ளைகளும் ஒரே ரேஸரைப் பயன்படுத்தும் வழக்கம் நம் இல்லங்களில் இன்றும் மறையவில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள்கள் உயிர்த்திருக்கக் கூடியது. கண்ணுக்குப் புலப்படாத இரத்தத் துளியும் அதனை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டு செல்லும். குழந்தைகளுக்கான இதன் தடுப்பூசி இந்தியா முழுவதும் அரசுத் திட்டத்தில் விரிவாக்கப்பட்டது 2011-ஆம் ஆண்டில்தான். ஆகவே பெரியவர்களில் பலர் அதனைப் போட்டுக்கொள்ளாதவர்களே. ரேஸர் ஆளுக்கொன்றாக இருக்கட்டும். சலூனில் உங்கள் கண்முன்னே புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். எல்லோர் முகத்திலும் தேய்க்கப்படும் படிகாரக் கல்லை மறுத்துவிட்டு, வீட்டில் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். அகீகாவில் குழந்தையின் தலைமுடியை இறக்கும்போது கிரீம் எதுவும் வேண்டா. வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி, புது பிளேடால் மழிக்கச் செய்யுங்கள். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் தம் ரேஸரையும் பிளேடையும் விமானத்தில் ஏற்றிவிடும் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் அனுமதி இல்லை.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஒரு குவளை நீரும், மூன்று நிமிடப் பொறுமையும், தனக்கென ஒரு பிளேடும் அதனைப் பேணப் பெரிதும் உதவும். அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.