இலவசத்தின் விலை

"காசா, பணமா? சும்மாதானே விளையாடுகிறான்!" கைப்பேசியும் கையுமாய்க் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. அந்தச் 'சும்மா'வைச் சற்றே உரசிப் பார்க்க விழைகின்றோம்.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2016 டிசம்பரில் 'சூப்பர் மாரியோ ரன்' என்னும் கைப்பேசி ஆட்டத்தை வெளியிட்டது. தொடக்கக் கட்டங்களை எவரும் இலவசமாக ஆடிப் பார்க்கலாம்; பிடித்திருந்தால் ஒரே முறை 9.99 டாலர் செலுத்தி முழு ஆட்டத்தையும் பெறலாம். பண்டத்தைக் காட்டி, விலையைச் சொல்லி, வாங்குவதையும் விடுவதையும் நம்மிடமே விட்டுவிடும் வணிகம். இதைவிட நேர்மை வேறு உண்டோ? ஆயினும் எழுந்ததோ முணுமுணுப்பு: பத்து டாலரா! இருபது கோடி முறை இறக்கிக் கொள்ளப்பட்டும், ஏற்கத்தக்க இலாபம் இன்னும் கிட்டவில்லை என 2017இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அதே நிறுவனம் 2017 பிப்ரவரியில் 'ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ்' என்னும் மற்றோர் ஆட்டத்தைக் கொணர்ந்தது. இதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் புதிய வீரர்களைப் பெற மாய உருண்டைகள் வேண்டும். அவற்றைக் காசுக்கும் வாங்கலாம். எந்த வீரர் வருவார் என்பதோ குலுக்கலின் கையில். விரும்பியவர் வரும்வரை குலுக்கிக்கொண்டே இருக்கலாம். மாரியோவைவிட இதுவே மிகுதியாக ஈட்டியது என்பது சந்தை மதிப்பீட்டாளரின் கணக்கு. பத்து டாலருக்கு முகம் சுளித்த உலகம், எல்லை தெரியாத செலவுக்கு மடியை அவிழ்த்தது!

விலை குறித்து விற்பவருக்கு நம்மை மகிழ்வித்தால் போதும். இலவசமாய்த் தருபவரோ நம்மைச் சற்றே வருத்தவும் வேண்டியிருக்கிறது. காத்திருப்பு, பூட்டிய கதவு, 'சலுகை இன்றே முடிகிறது' என்னும் அவசரம் ஆகியவை ஆட்டத்துக்கு அழகு சேர்ப்பவை அல்ல. தாமே நட்ட முள்ளைப் பிடுங்கக் கூலி கேட்பவை. 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்தை நடத்தும் எபிக் நிறுவனத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் சாட்டிய குற்றங்களில், குழப்பமான பொத்தான் அமைப்பால் வேண்டாதவற்றை வாங்கவைத்ததும், பெற்றோர் இசைவின்றிச் சிறுவரின் வாங்குதல்களுக்குப் பணம் பிடித்ததும் அடங்கும். 2022 டிசம்பரில் இதற்கென 24.5 கோடி டாலர் தர எபிக் இசைந்தது.

"ஏழைப் பிள்ளையும் ஆட முடிகிறதே" என்பர். மெய்தான், அதை எளிதாய்த் தள்ளிவிட நமக்கு மனமில்லை. ஆனால் அப்பிள்ளைக்காகச் செலுத்துவோர் யார்? இலவச ஆட்டங்களில் பெரும்பாலோர் ஒன்றும் தருவதில்லை. சிறு கூட்டமே பாரத்தைச் சுமக்கிறது. அவர்களுள் வசதி படைத்தோரும் உண்டு, நிறுத்த இயலாதோரும் உண்டு. மிகுதியாய்ச் செலவிடுவோருக்குத் தொழில்துறையினர் இட்ட பெயர் 'திமிங்கிலங்கள்'. விளையாட வந்த விருந்தாளிக்கு வேட்டைக்காரர் சூட்டிய பெயர்!

வணிகரை மட்டும் சாடி என்ன பயன்? விலை எழுதிய ஆட்டம் ஒன்றைப் பிள்ளை கேட்டால் "வீண் செலவு" என்கின்றோம். பிறகு அதே கைப்பேசியில், நம் வங்கிக் கணக்கும் இணைந்திருக்க, இலவச ஆட்டத்தில் அவனைத் தனியே இறக்கிவிடுகின்றோம். இதற்கு நாம் சிக்கனம் என்றா பெயரிடுவது?