64 பேர்தான் செத்தார்களாம்!

போர்ட்டோ ரீகோ 1898 முதல் அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் பிடியில் உள்ள தீவு. அதன் மக்கள் அமெரிக்கப் பிரஜைகள். ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் தீவில் வசிப்போருக்கு ஓட்டு கிடையாது. 2017 செப்டம்பர் 20ந் தேதி ‘மரியா’ புயல் அத்தீவை அடித்து நொறுக்கியது. தீவு முழுவதும் இருண்டது. இரண்டு வாரம் கழித்து வந்த ஜனாதிபதி டிரம்ப், கூட்டத்தை நோக்கிக் காகிதத் துவாலைச் சுருள்களை வீசினார். சாவு 16தான் என்று பெருமையடித்துக்கொண்டார். பிறகு சர்க்கார் கணக்கு 64-க்கு வந்து, மாதக்கணக்கில் அங்கேயே நின்றது!

நாம் கேட்கிறோம்: மின்சாரமின்றி டயாலிஸிஸ் நின்று செத்தவர் எந்தக் கணக்கில்? குளிர்ப்பெட்டி ஓடாமல் இன்சுலின் கெட்டுச் செத்தவர் எந்தக் கணக்கில்? சர்ட்டிபிகேட்டில் ‘புயல்’ என்ற சொல் இல்லையென்றால் அவர்கள் புயலால் சாகவில்லையாம்!

ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியில் எண்ணினார்கள். 2010 முதலான சாவுப் பதிவுகளை எடுத்து, வயது, ஆண் பெண், பருவம், வட்டாரத்தின் வசதி எல்லாம் பார்த்து, புயலே அடிக்காதிருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கணித்தார்கள். எண்ணிக்கைகளுக்கென்றே ஏற்பட்ட கணிதம் இது. பிரெஞ்சுக் கணித மேதை புவாசோன் போட்ட அஸ்திவாரம். சாவு எண்ணிக்கை தற்செயலாகவும் ஏறி இறங்கும். புவாசோன் விதி சொல்வதைவிட அதிகமாகவே ஏறி இறங்குவதுண்டு. அதற்கும் இடம் விட்டே கணக்குப் போட்டார்கள். தீவை விட்டு வெளியேறிய சுமார் 8 சதவீத மக்களையும் கழித்தார்கள். 2018 பிப்ரவரி வரை ஆறு மாதத்தில் கூடுதல் சாவு 2,975! பிழைக்கு இடம் விட்டால் 2,658 முதல் 3,290 வரை.

2018 ஆகஸ்டில் தீவு சர்க்காரே இதை ஏற்றது. டிரம்போ, 3,000 பேர் சாகவில்லை, ஜனநாயகக் கட்சியினர் ஜோடித்த கதை என்றார்.

“பிணத்தை எண்ணினீர்களா? இது வெறும் உத்தேசம்தானே?” என்று கேட்கும் கனவான்களே, உங்கள் 64 மட்டும் என்ன? அதுவும் உத்தேசம்தான், எண்ணாமல் விட்ட உத்தேசம். புள்ளிவிவரம் என்றாலே முதலாளிகளின் கண்கட்டு வித்தை என்று ஒதுக்கும் தோழர்கள் சிலரும் இதைக் கவனிக்கட்டும். ஏழை வட்டாரங்களில் சாவு அபாயம் 45 சதவீதம் கூடியதையும், ஆய்வுக்காலம் முடியும்வரை அது தணியாததையும் அம்பலப்படுத்தியது இதே கணக்குத்தான்.