வருஷத்துக்கு ரெண்டு நாள் மரம் அறுக்க எந்த மெஷின்?

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஊரில் சிலருக்கு மரம் அறுக்கும் மெஷின் வாங்கும் ஆசை வந்துவிடும். 2016 டிசம்பரில் வர்தா சென்னையில் மரங்களைச் சாய்த்தபோதும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவின் தென்னந்தோப்புகளை அழித்தபோதும் இதுதான் நடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் இறந்தார்கள். அப்படி ஒரு மழையைப் பார்த்தபிறகு, வாசலில் சாய்ந்து நிற்கும் புளியமரத்தை எந்த மெஷின்காரர் வருவார் என்று காத்திருக்க யாருக்கும் மனசு வராது. ஆசையில் தப்பே இல்லை. எதை வாங்குகிறார்கள் என்பதில்தான் தப்பு.

பெரும்பாலும் வாங்கப்படுவது 58 சிசி, 22 இன்ச் பட்டை என்று பெட்டியில் பெரிதாக எழுதிய மெஷின். ஆன்லைனில் ஐந்தாறாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. "சார், இதுல பனைமரமே போகும்" என்பார் கடைக்காரர். (பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-லேயே அறிவித்துவிட்டது. அதை அவர் சொல்லமாட்டார் :-) ) பைக் வாங்குவதுபோல சிசி கூடினால் நல்லது என்ற கணக்கு இது. ஆனால் வீட்டுத் தோட்டத்தில் வருஷத்துக்கு ரெண்டு நாள் நடக்கும் வேலை, வேம்பில் ஒரு கிளை, விழுந்த தென்னை, வேலியோரச் சீமைக்கருவேலம், அவ்வளவுதான். அதற்கு 30, 35 சிசியும் 14 இன்ச் பட்டையும் தாராளம். பெரிய மெஷினின் கனத்தைப் பழக்கமில்லாத கை பத்து நிமிஷம் தாங்கும். பிறகு தளரும், ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

இன்னொரு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. வருஷத்தில் ரெண்டு நாள் ஓடுகிற மெஷின் மீதி 363 நாள் சும்மா கிடக்கிறது. முதல் மெஷினை அந்த 363 நாளை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெட்ரோல் மெஷின் டூ-ஸ்ட்ரோக். பல மாடல்களுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில். கலந்த பெட்ரோல் ஒரு மாதத்துக்குமேல் நிற்கக்கூடாது. இப்போது பங்கில் வருவதோ 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். பல கம்பெனிகளின் கையேடுகள் 10 சதவீதத்துக்குமேல் வேண்டாம் என்கின்றன. டேங்கில் அப்படியே விட்டு ஐப்பசியில் எடுத்துக் கயிறை இழுத்தால், இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கார்புரேட்டரில் பிசின் அடைத்திருக்கும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சமும் தீரும்வரை ஓடவிட்டு வைக்கிற ஒழுக்கம் உள்ளவருக்குப் பெட்ரோல் சரி. அந்த ஒழுக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது?

வயர் வைத்த கரண்ட் மெஷின் மலிவு, பராமரிப்பும் குறைவு. ஆனால் புயலடித்த மறுநாள் கரண்ட் இருக்காது. ஈரத் தரையில் வயரை இழுத்துக்கொண்டு வேலை செய்வதும் நல்லதல்ல. ஆகவே எப்போதாவது அறுப்பவருக்கு பேட்டரி மெஷின்தான் பொருத்தம். சத்தம் குறைவு, பொத்தானை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். பேட்டரியோடு சேர்த்து விலை கூடுதல்தான்; தடித்த புளியை அறுத்தால் சார்ஜும் சீக்கிரம் இறங்கும். அந்தத் தடித்த புளியை ஏன் புதியவர் தொட வேண்டும்? அதற்கு மரம் வெட்டுகிறவர்கள் மெஷினோடு கூலிக்கு வருகிறார்கள், கயிறு கட்டத் தெரிந்தவர்கள். ஒன்றே கவனம்: திருவண்ணாமலை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் லித்தியம் பேட்டரியைப் போட்டுவைத்தால் ஆயுசு குறையும். பாதி சார்ஜில், வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வைக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் முழுசாக ஏற்றிக்கொள்ளலாம்.

சங்கிலி வைத்த ரம்பம் முதலில் மரத்துக்கு வந்ததே இல்லை. 1830 வாக்கில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்ற ஜெர்மானியர் எலும்பு அறுக்கும் மருத்துவக் கருவியாக ஒன்றைச் செய்தார். மரத்துக்கு ஆந்திரேயாஸ் ஸ்டீல் கரண்டில் ஓடும் மெஷின் செய்தது 1926-ல். ரெண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். இன்று ஒரே ஆள் தூக்குகிறார். சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வேட்டியும் ரப்பர் செருப்புமாக அதைப் பிடித்து நிற்பவரை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். எலும்புக்கு வந்த கருவி எலும்பை மறந்துவிடாது.

பட்டை முனையின் மேல் பாதி எதிலாவது பட்டால் மெஷின் அப்படியே முகத்தை நோக்கித் திரும்பும். கண் இமைப்பதற்குள் நடப்பது, எவ்வளவு உஷாரானவரும் தடுக்க முடியாது. முன்கைப்பிடிக்கு மேலே உள்ள தடுப்பு பிரேக்காக வேலை செய்து சங்கிலியை நிறுத்த வேண்டும். கடையிலேயே ஓடவிட்டு, அந்தத் தடுப்பைத் தள்ளிப் பார்க்காமல் எந்த மெஷினையும் வாங்கக்கூடாது. தள்ளியும் சங்கிலி நிற்கவில்லை என்றால் அது எத்தனை சிசியாக இருந்தால் என்ன? ஹெல்மெட், கண்ணாடி, காதுக்கு மூடி, ஷூ, தொடையை மறைக்கும் கால் கவசம் எல்லாம் மெஷின் விலையில் சேர்த்தி. கால் கவசத்துக்குள் இருக்கும் நார் சங்கிலியில் சிக்கி அதை நிறுத்திவிடும், சாதாரண ஜீன்ஸ் அதைச் செய்யாது. பட்ஜெட் பத்தாது என்றால் சின்ன மெஷினும் கவசமும் வாங்கலாம். பெரிய மெஷினை வாங்கி வெறுங்காலோடு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பட்டைக்குத் தனி ஆயில் ஊற்ற வேண்டும். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவது இங்கே சகஜம், பட்டை சீக்கிரம் தேய்கிறது. தென்னை நார் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், மண் ஒட்டிய அடிமரம் சங்கிலியை நிமிஷத்தில் மழுக்கும். உருண்டை அரம் ஒன்று கூடவே வாங்கவேண்டும். தூள் மாவுபோல வந்தால் மழுங்கிவிட்டது, செதிலாக வந்தால் கூர் இருக்கிறது.

புயலில் விழுந்த மரம் நிற்கிற மரத்தைவிட மோசம். வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையைத் தப்பான பக்கம் அறுத்தால் பட்டையைக் கவ்விக்கொள்ளும், அல்லது வில்லாக எகிறும். வேரோடு சாய்ந்ததை அடியில் அறுத்தால் வேர்ப்பக்கம் பழையபடி நிமிர்ந்து நிற்கும், பின்னால் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தாலும் அது பார்க்காது. கிளையில் மின்கம்பி தொங்கினால் மின்வாரியத்து ஆட்கள் வந்து லைனை நிறுத்தும்வரை மெஷின் உறைக்குள்ளேயே இருக்கட்டும்.