ஆளுக்கொரு சின்னப் பாக்

கம்பஸ் பொடியள் மலையேறப் போனா ஒரு வழக்கம் இருக்கு. எல்லாருடைய தண்ணிப் போத்தலும் சோத்துப் பார்சலும் ஒரே பெரிய பாக்குக்குள்ள போகும். குழுவில உடம்பான ஒருத்தன் அதைத் தூக்குவான். மற்றவை கை வீசிக்கொண்டு போவினம். ஹந்தானை என்றாலும் இதுதான், பிதுரங்கல என்றாலும் இதுதான். இந்த வழக்கத்தை விடவேணும் என்கிறோம் நாங்கள். என்ன பாக் வாங்கலாம் என்ற கேள்வியெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

கணக்குப் பாருங்கோ. 5 பேர், ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணி, அதுவே ஏழரைக் கிலோ. அதோட பார்சல்கள், பவர் பாங்க், ஆரோ ஒருத்தரின்ர ஸ்பீக்கர் (மலைக்கு அது ஏன் வருது என்று எங்களுக்கு இன்னும் விளங்கேல்ல). லேசா 10 கிலோவைத் தாண்டும். பாதையில நடக்கேக்க இது பெரிய விசயமில்லை. ஆனால் பிதுரங்கலவின் கடைசிப் பகுதி பாதையே இல்லை. பெரிய பாறைகளுக்கு இடையால, கையை ஊன்றி, உடம்பைத் திருப்பி ஏறவேணும். அந்த இடத்தில முதுகை விட்டு விலகித் தொங்குகிற 10 கிலோ ஆளைப் பின்னுக்கு இழுக்கும். இழுபடுகிறவனுக்குக் கீழே நிற்பதும் எங்களில் ஒருத்தர்தான்.

இன்னொன்றும் இருக்கு. "பிள்ளையள் தூக்கத் தேவையில்லை, நாங்கள் பாத்துக்கொள்ளுறம்" என்பது கேட்க அன்பாத்தான் இருக்கும். அடுத்த பயணத்துக்குத் திட்டம் போடேக்க அதே வாய் "பிள்ளையள் வந்தா சுமை கூடும், இந்தமுறை நாங்கள் மட்டும் போவம்" என்று சொல்லும். தன் தண்ணியைத் தானே தூக்குகிற ஆளை அப்படிக் கழிச்சுவிட ஏலாது.

சரி, என்ன பாக்? ஒருநாள் பயணத்துக்கு 15 முதல் 20 லீற்றர் கொள்ளளவு தாராளம். தண்ணி, சாப்பாடு, ரெயின்கோட், கொஞ்சம் மருந்து, போன். பிதுரங்கலவுக்கு அடிவாரத்து விகாரை வழியாகப் போறதால தோளையும் முழங்காலையும் மூட ஒரு சால்வை. அவ்வளவுதான்.

கடையில நாங்கள் எல்லாரும் பொக்கற்றைத்தான் எண்ணுறம். அதை விட்டிட்டு, தண்ணி நிரப்பின 2 போத்தலை உள்ளுக்குப் போட்டுத் தோளில மாட்டுங்கோ. குனியுங்கோ, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்கோ, இடுப்பைத் திருப்புங்கோ. கடைக்கார அண்ணா ஒருமாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். பாக் பிடரியில வந்து இடிச்சா, இல்லாட்டி பக்கத்துக்குச் சரிஞ்சா, திருப்பி வையுங்கோ. லப்டொப் பாக் இதில பெரும்பாலும் தோற்கும். பெட்டி மாதிரி அகலமா இருக்கும், நெஞ்சுப் பட்டியும் இராது.

ஆட்கள் கவனிக்காத விசயம் நீளம். பாறையில இறங்கேக்க கன இடத்தில இருந்து வழுக்கித்தான் இறங்குவம். உங்கட முதுகை விட நீளமான பாக், இருந்த உடனே பின்பாறையில முட்டி உங்களை முன்னுக்குத் தள்ளும். கட்டையான ஆட்களுக்கு, அதால கன பிள்ளையளுக்கு, இது உண்மையான ஆபத்து. அதேபோல பக்கத்து வலைப் பொக்கற்றில போத்தல் வைக்காதேங்கோ. குனிஞ்சா அது விழும். கீழே வாறவருக்கு அது கல்லுத்தான்.

துணியில 420டி, 600டி என்று போட்டிருப்பாங்கள். 9000 மீற்றர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். எண் கூடினால் நூல் தடிப்பு. பாறையில உரசுகிற அடிப்பக்கமாவது தடிப்பா இருக்கவேணும். "வோட்டர் புரூப்" என்ற சொல்லை மட்டும் நம்பாதேங்கோ. எங்கட நாட்டு ஈரப்பதத்தில உள்பூச்சு சில வருசத்தில பிசுபிசுத்து உரியும், தையலாலயும் தண்ணி வரும். உள்ளுக்கு ஒரு பெரிய பொலித்தீன் பையைப் போட்டு அதுக்குள்ள சாமானை வைச்சால் காணும்.

கயிறு கட்டி ஏறுகிறவைக்கென்று விக்கிற பாக் வேற. 60 மீற்றர் கயிறே 4 கிலோவுக்குக் கிட்ட வரும் என்பதால அதுகள் 35, 40 லீற்றரில இருக்கும். கயிறில்லாத எங்களுக்கு அந்த விலை வீண்.

மகாபொலக் காசில புது பாக் வாங்கத்தான் வேணுமா என்றால், தேவையில்லை. ஏ.எல். காலத்துப் புத்தகப் பை ஒடுக்கமா, முதுகோட ஒட்டி இருந்தால் அதுவே போதும். சப்பாத்துத் தைக்கிறவரிட்டக் குடுத்து ரெண்டு தோள்பட்டிக்கும் நடுவில ஒரு நெஞ்சுப் பட்டியும் பக்கிளும் தைப்பியுங்கோ. வெளியில சிப் வைச்ச பொக்கற் ஒன்று இருந்தால் அதை வெறுமையா விட்டிட்டு ஏறுங்கோ. திரும்பி வரேக்க லஞ்ச் சீற்றும் வெறும் போத்தலும் அதுக்குள்ள வரும். அவரவர் குப்பை, அவரவர் முதுகில.